ஆவணி வரைக்கும் எண்ணெய் இருக்கட்டும்

ஜனவரி 19, ஞாயிறு

நந்துவுக்குப் பெண் அமைந்துவிட்டது. எட்டு வருஷம்! தரகர்களுக்குக் காபி போட்டே அம்மா ஓய்ந்துவிட்டாள். பையனுக்கு முப்பத்தாறு முடிந்தாயிற்று. சேலத்தில் பேங்க் வேலை, சொந்தத் தோட்டம் எல்லாம் இருந்தும், "யோசிச்சுச் சொல்றோமுங்க" என்று எழுந்து போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று பரமத்தி பக்கம் பெண் வீட்டில் உறுதி வார்த்தை முடிந்தது. பெண்ணின் தாத்தா தவறி வருஷம் திரும்பவில்லை என்பதால் கல்யாணம் ஆவணியில்.

எல்லாரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் இணைச்சீரை நினைத்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டுவதற்கு முன்னால் தம்பியும் அக்காவும் சபையில் சேர்ந்து நிற்கிற சீர். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை என் கையில். அந்தக் கொஞ்ச நேரம் கல்யாணப் பெண்ணைக்கூட யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவன் அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டு திரிந்த நாளிலிருந்து எனக்கு அந்த ஆசை.

திரும்பி வரும்போது காரில் அபிநயா அவன் தோளைத் தட்டி, "அண்ணா, கல்யாணத்துல நான் என்னென்ன பண்ணோணும்னு இப்பவே சொல்லிருங்க" என்றாள். சித்தப்பா மகள், ஒற்றைப் பிள்ளை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவர்கள் வீட்டில் தங்கித்தான் நந்து காலேஜ் முடித்தான். அதனால் அவளுக்கும் அவன்மேல் பாதி பாத்தியம் என்று ஒரு நினைப்பு. "நீ பந்தியப் பாத்துக்கோ அம்மிணி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பிப்ரவரி 10

இடது கண்ணில் மேலேயிருந்து கறுப்பாக ஏதோ இறங்குகிறது. கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து நாலைந்து நாளாகத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்குச் சின்ன வயசிலிருந்தே சோடாப்புட்டிக் கண்ணாடிதான். இன்று ஆபீசில் ஒரு கிரயப் பத்திரம் டைப் அடிக்கும்போது பாதித் திரை காணவில்லை. வடக்கெல்லைக்குத் தெற்கெல்லையைப் போட்டுவிட்டேன். பத்திர எழுத்தர் ராசப்பன் அண்ணன், "என்ன அம்மிணி, பக்கத்துக் காட்டுக்காரன் ஊட்டையும் சேத்து வித்துட்டே" என்றார்.

நாளைக்குச் சேலம் போக வேண்டும்.

பிப்ரவரி 20

குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கோலம் எழுதுவதற்காவது உதவுகிறது.

விழித்திரை விட்டுப்போயிருந்ததாம். விட்டது மட்டுமில்லை, சுருங்கி மடிந்திருந்ததாம். சும்மா காற்று மாதிரி கேஸ் வைத்து ஒட்டினால் நிற்காது, எண்ணெய்தான் வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெய். எண்ணெய் எப்போதும் மேலே மிதக்கும், நான் குப்புறக் கிடந்தால்தான் அது கண்ணின் பின்பக்கம் போய்த் திரையை அழுத்திப் பிடிக்கும். நாலைந்து மாசம் கழித்து அதை எடுத்துவிட வேண்டும். அம்மா டாக்டரிடம், "வெளக்கெண்ணெயுங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கண் வலித்தது.

இவர் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். போர் போட்டு முடிக்காமல் வர முடியாது. மகள் ஹாஸ்டலில். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று என்னைக் கொண்டுவந்து போட்டிருப்பது எங்கே? அபிநயாவின் வீட்டில். அவள் கட்டில். அவள் தலையணை. வேளாவேளைக்கு அவள்தான் சொட்டு மருந்து விடுகிறாள். அந்த ஒரு நிமிஷம் மட்டும் என்னைத் திருப்பிப் போட்டு, முகத்துக்குக் கிட்டே குனிகிறாள். எவ்வளவு அழகான கண் இவளுக்கு! கண்ணாடியே போட்டதில்லை.

பிப்ரவரி 24

எனக்கு இப்போது மனிதர்கள் என்றால் பாதம்தான். அம்மாவுக்குப் பித்தவெடிப்பு. நந்துவுக்குப் பேங்க் சாக்ஸ். அபிநயாவுக்கு ரோஸ் கலர் நகப்பூச்சு, புதுக் கொலுசு.

நந்து தினமும் சாயங்காலம் பேங்கிலிருந்து நேரே இங்கே வருகிறான். என்னைப் பார்க்க என்றுதான் வருகிறான். "எப்படி இருக்கறக்கா?" என்று கேட்டுவிட்டு ஹாலுக்குப் போய்விடுகிறான். அங்கே இரண்டு பேரும் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் என்ன படம் போடுவது, மண்டபத்துக்கு எந்த நாதஸ்வரம். "அண்ணா, உங்களுக்குச் சந்தன கலர்தான் எடுக்கும்." அவனுக்கு எது எடுக்கும் என்று எனக்குத் தெரியாதா? முதல் முழுக்கால் சட்டை தைத்துக் கொடுத்தவள் நான்!

நான் தரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

பிப்ரவரி 27

குப்புறக் கிடப்பவள் தூங்குகிறாளா முழித்திருக்கிறாளா என்று யாருக்கும் தெரிவதில்லை. இன்று மூன்று ஜோடிப் பாதங்கள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேசின.

அம்மா சொன்னாள்: "இவளுக்கு இப்பிடி ஆயிப்போச்சு. ஆவணிக்குள்ள கண்ணு செரியாவலீன்னா, சபையில செவந்த கண்ணோட நிக்க வெக்கறதா? பொண்ணு ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? சீருக்கு அபிநயாவ நிறுத்திக்கலாமா சாமி?"

நந்து உடனே "என்ன பேச்சும்மா இது" என்று சொல்லியிருக்க வேண்டாமா? சாக்ஸ் போட்ட பாதம் ஒன்று தரையைத் தேய்த்தது. பிறகு, "பாக்கலாம்மா" என்றான்.

பாக்கலாமாம். பாக்கலாம்!

"அதெல்லாம் அக்கா செரியாயிருவாங்க பெரியம்மா" என்றாள் அபிநயா. அந்தக் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. ஏன்டி, என் கண்ணு அவிஞ்சாத்தான் உனக்கு ஒரு அண்ணன் கெடைப்பானா? — தலையணை நனைந்துவிட்டது. கட்டுப் போட்ட கண்ணில் அழுகை எப்படி வருகிறது?

மார்ச் 23

மல்லசமுத்திரம் வந்துவிட்டேன். என் வீடு, என் கட்டில். நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 13

எண்ணெய் இருப்பதால் இடது கண்ணுக்குப் பவரே தலைகீழாக மாறிவிட்டது. தண்ணீருக்குள் முழித்துப் பார்ப்பது போல ஒரு கலங்கல். ஆனாலும் வலது கண்ணை மூடிக்கொண்டு சுவரில் தினசரி காலண்டரைப் பார்த்தால் தேதி தெரிகிறது. பெரிய எழுத்துத்தான், இருந்தாலும் தெரிகிறது! காலையில் எழுந்ததும் இதுதான் எனக்கு முதல் வேலை. சிவப்பும் போய்விட்டது. அம்மாவைக் கூப்பிட்டு, "பாரு, எந்தக் கண்ணுன்னு சொல்லு பாக்கலாம்" என்றேன். அவள் தப்பாகச் சொன்னாள். மனசு குளிர்ந்துபோயிற்று.

நந்துவுக்குப் போன் செய்து, "இணைச்சீருக்கு நான் தயார்" என்றேன். "சந்தோசம்க்கா" என்றான். பின்னால் அபிநயாவின் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான்.

ஜூன் 23, திங்கள்

செக்கப்புக்குத் தனியாகப் போய் வந்தேன். யாரையும் கூட்டிப் போகாதது நல்லதாகப் போயிற்று.

டாக்டரம்மா எண்ணெயை எடுத்துவிடலாம் என்கிறார். திரை நன்றாக ஒட்டியிருக்கிறதாம். பிரஷர்தான் கொஞ்சம் ஏற ஆரம்பித்திருக்கிறது. எடுத்தபிறகு திரை திரும்ப விட்டுப்போகாதா என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "சில பேருக்கு விடும்மா. விட்டா திரும்பவும் எண்ணெய் வெச்சு, திரும்பவும் குப்புறப் படுக்கணும்" என்றார்.

எனக்கு அதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை. இப்போது எடுத்து, ஆடியில் விட்டுப்போய், ஆவணியில் நான் அபிநயாவின் கட்டிலில் குப்புறக் கிடக்க, அவள் கூறைச்சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "கல்யாணம் முடியட்டுங்க, ஆவணி வரைக்கும் எண்ணெய் இருக்கட்டும்" என்றேன்.

"தள்ளிப்போடறது நல்லதில்லம்மா. எண்ணெயை ரொம்ப நாள் விட்டா நுரைச்சுப் பொடிப்பொடியாப் பிரியும். பிரஷர் ஏறும். அதுல நரம்பு கெட்டா, அப்புறம் நாங்க என்ன செஞ்சாலும் பார்வை திரும்பாது" என்றார். பிரஷருக்குச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து, ஜூலையில் கட்டாயம் வரச் சொன்னார்.

வீட்டில், "டாக்டரே ஆவணி கழிச்சுப் பாக்கலாம்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். இரண்டே மாசம். இத்தனை நாள் இருந்த எண்ணெய், இன்னும் இரண்டு மாசம் இருந்தால் என்ன வந்துவிடும்?

ஜூலை 20, ஞாயிறு

இன்று சண்டை.

பத்திரிகை வைக்கிற சாக்கில் அபிநயா வந்திருந்தாள். மதியம், "நான் மருந்து விடறனுங்க்கா, பழக்கந்தான" என்று வந்தாள். விட்டாள். விட்டவள் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் பக்கம் என் முகத்தைத் திருப்பி உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, கருவிழிக்கு மேல்பக்கம் வெள்ளையா ஏதோ தெரியுதுங்க. நெலாப்பிறையாட்டம். முன்ன இல்லீங்களே."

"தூசியா இருக்கும்."

"தூசி இல்லீங்க்கா. உள்ளுக்குள்ள இருக்குது. நாளைக்கே டாக்டர்கிட்டப் போலாமுங்க. நான் கூட்டிட்டுப் போறேன். இத இப்பிடியே உடக் கூடாதுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. போனால் அவர்கள் படுக்க வைத்துவிடுவார்கள். படுத்தால் ஆவணி போச்சு. எவ்வளவு இதமாகப் பேசுகிறாள்! "நீ எந்த எண்ணத்துல சொல்றேன்னு எனக்குத் தெரியாதா? எந்தம்பி கல்யாணத்துல நான்தான் நிப்பேன். நீ எத்தனை பிறைய வேணா பாரு" என்று கத்திவிட்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று. அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். அபிநயா மருந்துப் புட்டியை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகு நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. என் கண்ணாடியைக் கழற்றினால் முகமே தெரியாது, அதில் பிறையைப் பார்ப்பேனா?

ஜூலைச் செக்கப்புக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

சாட்சி கிடைத்துவிட்டது. அபிநயா நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளைக்குப் போய்ப் பட்டுச்சேலை எடுத்திருக்கிறாள். அரக்குக் கலர், பெரிய ஜரிகை. பந்தி பார்க்கிறவளுக்கு எதற்கு இத்தனை பெரிய ஜரிகை? அம்மா வாயைத் திறந்து சொல்லிவிட்டாள்: "ஒரு வேளை உனக்கு முடியலீன்னான்னு நான்தான் எடுத்து வெக்கச் சொன்னேன் அம்மிணி." சொன்னது அம்மாவாம். எடுத்தது யார்? பிளவுஸ்கூடத் தைத்து வாங்கியாகிவிட்டது.

நான் சும்மாவா சந்தேகப்பட்டேன்!

ஆகஸ்ட் 12

தலைவலி. இடது புருவத்துக்கு மேலே விண்விண் என்கிறது. லைட்டைப் பார்த்தால் சுற்றிலும் வானவில். இவரிடம் போனில் சொன்னேன், தூக்கம் இல்லை என்று மட்டும். "அந்தப் புள்ளயோட எதுக்கு மல்லுக்கு நிக்கற?" என்றார். அவருக்கும் அவள் போன் போட்டிருக்கிறாள். ஊரெல்லாம் அவளுக்குப் பிரியம்.

ஆகஸ்ட் 19

வலது கண்ணை மூடிக் காலண்டரைப் பார்த்தேன். காலண்டர் இருக்கிற இடம் தெரிந்தது. தேதி தெரியவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நந்து வந்தான். மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு. எதற்கு இத்தனை உபசாரம் என்று அப்போதே தோன்றியது.

"அக்கா, அபி அன்னைக்கிருந்து அழுதுட்டே இருக்குது. ஒருக்கா டாக்டரப் பாத்துட்டு வந்துரலாமே. நானே லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

"போனா படுக்க வெச்சுருவாங்க. அப்பறம் சீருக்கு யாரு நிப்பா?"

"அது கெடக்குதுக்கா. சீரா பெருசு?"

அது கிடக்குதாம். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. "நேராச் சொல்லு. உன் பக்கத்துல யாரு நிக்கோணும்? நானா, அவளா?"

அவன் அல்வாப் பொட்டலத்தின் நூலைப் பிரித்தான், திரும்பக் கட்டினான். "நீதான்க்கா. எப்பவும் நீதான்" என்றான்.

அது போதும். வலி இருந்தாலும் இன்று நன்றாகத் தூங்குவேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நின்றேன்!

மாத்திரை போட்டு, இரண்டு தடவை வாந்தி எடுத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு நின்றேன். பச்சைக் கரை போட்ட என் பட்டு, தலை நிறையப் பூ. சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் பெரியசாமி ஐயா, "அக்கா வலப்பக்கம் வந்து நில்லு சாமி" என்றார். நந்து எனக்கு இடது பக்கம். கூறைச்சேலையின் முனை என் கைக்கு வந்தது. சேலை லேசாக இழுபடும்போதெல்லாம் மறுமுனையில் அவன் இருக்கிறான் என்று தெரிந்தது.

எதிரே முதல் வரிசையில் அபிநயா. அந்த அரக்குச் சேலையைக் கட்டவில்லை, ஏதோ ஒரு பழைய மஞ்சள். நான் கண்ணை எடுக்கவே இல்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பாரு, நல்லாப் பாரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சீர் முடிகிற வரைக்கும் அவள் முகத்தைவிட்டு என் பார்வை நகரவில்லை. இத்தனை மாசத்து எரிச்சலும் அங்கேயே அடங்கியது.

சபையில் எல்லாரும், "அக்கா கம்பீரமா நின்னுச்சு" என்றார்களாம். அம்மா சொன்னாள்.

செப்டம்பர் 9

ஆஸ்பத்திரி. கல்யாணத்துக்கு மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. அபிநயாவின் வண்டியில்தான் கொண்டுவந்தார்கள்.

எண்ணெய் நுரைத்துப் பொடியாகப் போய், முன்பக்கமெல்லாம் வந்து அடைத்திருக்கிறது. பிரஷர் எக்கச்சக்கம். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எப்ப இருந்தும்மா மேல வெள்ளையாத் தெரிஞ்சுது?" என்று கேட்டார். "ஜூலைல இருந்துங்க" என்றாள் அபிநயா, என் பின்னாலிருந்து.

செப்டம்பர் 17

எண்ணெயை எடுத்துவிட்டார்கள். திரை ஒட்டினது ஒட்டினபடியே இருக்கிறது. நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவில்லை. ஆனால் நரம்பு வெளுத்துப்போய்விட்டது. டார்ச் அடித்தால் வெளிச்சம் தெரிகிறது, அவ்வளவுதான். இனி அவ்வளவுதானாம்.

அம்மா வெளியே போயிருந்தாள். அபிநயா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டேவிட்டேன்.

"நெசத்தச் சொல்லு. சீருக்கு நிக்கோணும்னு உனக்கு ஆசை இருந்துச்சா இல்லையா?"

சுளையைத் தட்டில் வைத்தாள். "இருந்துச்சுங்க்கா. ரொம்ப இருந்துச்சு. சேலை எடுத்தன்னைக்கு ஊட்டுல கட்டிக்கூடப் பாத்தேனுங்க." அழுதாள். "ஆனா வெள்ளையாத் தெரிஞ்சதும் நெசந்தானுங்க்கா."

ஆசை இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். இதை என்ன செய்வது? ஆசைப்பட்டவள் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நாள் முழுக்கப் பத்திரத்தில் அடுத்தவன் சொத்துக்கு எல்லை எழுதுகிறவளுக்கு இது தெரியவில்லை. தெரிஞ்சிருந்தா என் கண்ணு போயிருக்குமா?

ஆரஞ்சு தின்றேன். புளிப்பு.

அக்டோபர் 6

வேலைக்குப் போகிறேன். இடது பக்கம் யார் வந்தாலும் திடுக்கிடுகிறேன். காபி ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே போகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

கல்யாண வீடியோ வந்துவிட்டது என்று அபிநயா போன் செய்தாள். நந்துவும் புதுப்பெண்ணும் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான் மட்டும் பஸ் ஏறிக் கொண்டப்பநாயக்கன்பட்டி போனேன். எனக்கு வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே.

இணைச்சீர் வந்தது. வீடியோக்காரன் நன்றாகத்தான் எடுத்திருக்கிறான், இரண்டு பேர் முகமும் கிட்டத்தில். நந்து அழுகிறான். கண்ணீர் வழிந்து சட்டைக் காலரில் இறங்குகிறது, துடைக்கவே இல்லை. அவன் அருமைக்காரரைப் பார்க்கவில்லை, சபையைப் பார்க்கவில்லை. முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கிறான். சேலையை லேசாக இழுக்கிறான். உதடு அசைகிறது. அக்கா என்கிறான். மேளத்தில் சத்தம் கேட்கவில்லை. திரும்பவும் இழுக்கிறான். அக்கா.

அந்த இழுப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவன் இருக்கிற பக்கம் எனக்கு இருட்டு. கழுத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் போதும், வலது கண்ணுக்கு அவன் வந்திருப்பான்.

நான் திரும்பவில்லை. நேராக, அசையாமல், முதல் வரிசையில் எதையோ முறைத்துக்கொண்டு நிற்கிறேன். என் உதட்டில் ஒரு சிரிப்புக்கூட இருக்கிறது. என்ன பார்க்கிறேன் என்று வீடியோவில் தெரியாது. எனக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கும் மட்டும் தெரியும்.

அபிநயா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "திரும்ப ஒருக்காப் போடட்டுங்களா அக்கா?" என்றாள்.

"போடு" என்றேன்.